அமாவாசை வருகைப்பதிவு

அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியலில் மாதாமாதம் வரும் அமாவாசைக்கு இடம் கிடையாது. எங்கள் தெருவில் உண்டு. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும், கல்யாண சீசனில் சாப்பாட்டு நேரத்திலும் ஓடும். அமாவாசையன்று மட்டும் ஓடாது. காலையில் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு, தெருவே காலை நீட்டி உட்காரும். மற்ற நாட்களில் வாசலுக்கு வாசல் கேட்கிற அந்தத் தடக் தடக் சத்தம் அன்றைக்கு இல்லாமல், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்தத் தெருவில் பதினெட்டு வருடம் நான் பால்வாடி டீச்சர். காகிதத்தில் அங்கன்வாடி மையம், தெருக்காரர்களுக்குப் பால்வாடி, பிள்ளைகளுக்கு முட்டை ஸ்கூல். வாடகைக்குப் பிடித்த ஒரே அறை. பின்னால் சமைக்க ஒரு சந்து. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள் காலையில் வருவார்கள். பாட்டு, கதை, வண்ண அட்டை, மதியம் கலந்த சாதம், முட்டை, அப்புறம் பாயில் ஒரு தூக்கம். நாங்கள் வாங்குகிற சம்பளத்திலிருந்து பிள்ளைகள் தின்கிற பயறுவரை எல்லாம் அரசாங்கத்தின் காசு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா தேவிகாபுரத்துப் பக்கம் கூலிக்குக் களை எடுக்கப் போனவள். என்னை வரப்பில் ஒரு துண்டை விரித்து உட்கார வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவாள். வெயில் நகர நகர அம்மா வந்து துண்டை நகர்த்திப் போடுவாள். என் ஐந்து வயதுவரைக்குமான படிப்பு அதுதான். எனக்கு ஒரு முட்டை ஸ்கூல் கிடைத்திருந்தால் நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?

என்னோடு இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் "வரும், வரும்" என்றார்கள். எனவே சமைப்பதும் நான், கழுவுவதும் நான், கதை சொல்வதும் நான். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். பால்வாடி உதவியாளரும் ஆயாதான். பிள்ளைகள் இதில் மிகவும் கறாரானவர்கள். என் கையில் கரண்டி இருந்தால் "ஆயா" என்பார்கள். அதே கையில் அட்டையை எடுத்தால் "டீச்சர்" என்பார்கள். ஒரே மனுஷி என்பது தெரியாமலா? தெரியும். ஆனாலும் அப்படித்தான்.

அவர்களில் ஒருத்தி, மூன்றரை வயதுக்காரி. தாடையில் சின்னத் தழும்பு. அவள் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நெய்கிறவர்கள். வீட்டில் குழித்தறி. நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். இவள் தவழுகிற வயதில் அந்தக் குழிக்குள் விழுந்து தாடையில் இரண்டு தையல். அதற்கப்புறம் அவள் அம்மா, பழைய துணியால் இவள் இடுப்பைக் கட்டி மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுத் தறியில் உட்காருவாளாம். இரண்டு வயது முடிந்த மறுநாளே எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். "கட்ட மனசு வரல டீச்சர்" என்றாள். இடுப்பில் துணி உரசிய இடம் கறுத்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நான் நிறம் சொல்லிக்கொடுத்த கதை தனி. பயிற்சியில் கொடுத்த அட்டையில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலைந்துதான் இருக்கும். சிவப்பைக் காட்டினால் "அரக்கு" என்பாள். பட்டில் அரக்கு என்றால் கருஞ்சிவப்பு, அந்த அட்டையும் பழசாகிக் கொஞ்சம் கருத்திருந்தது உண்மைதான். பச்சையைக் காட்டினால் "கிளிப்பச்ச." நீலத்துக்கு ஒரு கணம் யோசித்து, "மயில்கழுத்து இல்ல" என்று தலையாட்டுவாள். அவள் பார்த்து வளர்ந்தது தறியில் ஏறுகிற பட்டு நூல். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், ஒரு பக்கம் பெருமையாகவும் இருக்கும். நான் திருத்தவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றே குறித்துக்கொண்டேன்.

அமாவாசையன்று பெரும்பாலான பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்பா வீட்டில் இருக்கிறார், வடை பாயசம் இருக்கிறது, எதற்கு வருவார்கள்? நான் மட்டும் போய்க் கதவைத் திறந்து, வந்த மூன்று நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துப் போனில் புகைப்படம் எடுத்து ஏற்றுவேன். நோட்டில் எழுதிய காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை. போனில் ஏற்ற ஆரம்பித்த பிறகு, எங்கோ உட்கார்ந்திருக்கிற யாருக்கோ எங்கள் அமாவாசை கண்ணில் பட்டது. ஏற்கெனவே வசதி கொஞ்சம் வந்த வீடுகளெல்லாம் பிள்ளைக்கு டை கட்டி, ஷூ மாட்டி வேனில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்திருந்தன. எங்களிடம் மிஞ்சியது கூலி வீட்டுப் பிள்ளைகள். அரசாங்கம் தலையை எண்ணித்தான் அரிசியும் தரும், அறையும் தரும். தலை குறைந்தால் கேள்வி வரும்.

கேள்வி ஒரு ஆடி மாதம் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"உங்க மையத்துல எண்ணிக்கை குறைவா இருக்கும்மா. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்தோட சேர்த்துடலாமான்னு பெரிய மேடம் நேர்ல வந்து பார்த்து முடிவு பண்ணுவாங்க. பேரண்ட்ஸும் இருந்தா நல்லது. எந்த நாள் வசதி?"

மெயின் ரோடு என்றதும் எனக்கு லாரிகள்தான் நினைவுக்கு வந்தன. அரிசி மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகிற ரோடு அது. பெரியவர்கள் நடந்தாலே கால் மணி நேரம். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் அரை மணி. கொண்டுவிட்டு வந்து, மறுபடி போய்க் கூட்டிவந்தால் தறி எப்போது ஓடும்? சேர்த்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதி வராது. தழும்புக்காரி நிச்சயமாக வரமாட்டாள். அந்தக் கட்டில் கால் எனக்குக் கண்முன் வந்தது.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அமாவாசை. எனக்கு ஒரு யோசனை உதித்தது. மற்ற நாளில் கூப்பிட்டால் எந்த அம்மாவும் தறியை விட்டு எழுந்து வரமாட்டாள். அமாவாசையன்று எல்லோருக்கும் ஓய்வு. அத்தனை பேரும் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தால் அறையே கொள்ளாது. பெரிய மேடம் மூச்சுவிட முடியாமல் திரும்பிப் போக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க மேடம்" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுதான். "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு மீட்டிங்கு. பெரிய மேடம் வராங்க. நம்ம பால்வாடி இருக்குமா இருக்காதான்னு அன்னைக்குத் தெரிஞ்சிடும். எல்லாரும் வந்துடணும். ஒருத்தர் கூட வராம இருக்கக் கூடாது."

"வந்துடறோம் டீச்சர்" என்றார்கள். சொன்னபடி வரவும் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் அறையைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டி வைத்தேன். ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. அம்மாக்களோடு வரும் என்று இருந்தேன். ஒன்பதரைக்கு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகள் தூங்குகிற பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி உள்ளே வரும்போதும் நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. இடுப்பிலும் இல்லை. பத்து மணிக்குள் அறை நிறைந்துவிட்டது. ஒரு குழந்தை இல்லை.

"புள்ளைங்க எங்க?" என்றேன்.

தழும்புக்காரியின் அம்மாதான் முன்வரிசையில் இருந்தாள். "வூட்ல கீதுங்க டீச்சர். அவங்கப்பாகிட்ட வுட்டுட்டு வந்தேன். மீட்டிங்ல கொயந்த இருந்தா ஒரே பேஜாரு பண்ணும் இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் மீட்டிங் என்றால் நெசவாளர் சங்கத்து மீட்டிங்தான். அங்கே எல்லாரும் வாங்க என்றால் பெரியவர்கள் வாங்க என்று பொருள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே முறைப்பார்கள். இவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். மீட்டிங்குக்கு மரியாதை கொடுத்து, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம் அந்தத் தெருவில் இருந்த எனக்கு, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கான இடத்துக்குப் பிள்ளை இல்லாமல் எவள் வருவாள் என்று நினைத்துவிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஜீப் வந்து நின்றது.

பெரிய மேடம் என் வயதுதான் இருப்பார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். இருபது பெண்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"குழந்தைங்க எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

விளக்கப் போனேன். அதற்குள் தழும்புக்காரியின் அம்மா எழுந்து நின்றாள். மையத்துக்காகப் பேச வேண்டும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பாள் போல. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"இன்னைக்கித் தறி ஓடலீங்க மேடம். அதான் புள்ளைங்க வரல. தறி ஓடாத நாள்ல புள்ளய எதுக்குங்க இங்க வுடறது? மத்த நாள்லாம் இந்த டீச்சர் இல்லாம எங்களால ஒரு மொழம் நெய்ய முடியாதுங்க."

மற்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். "அப்போ நீங்க நெய்யும்போது பார்த்துக்கறதுக்காகத்தான் இங்க விடறீங்க. படிப்புக்காக இல்ல?"

அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "படிப்பு பெரிய ஸ்கூலுக்குப் போயி படிச்சிக்கும் மேடம். இங்க இன்னா, முட்ட சாப்புட்டு வெளையாடிகினு இருக்கும்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. தொண்டை கிழியப் பாடிய பாட்டு, அட்டையை ஒட்டி ஒட்டி வீங்கிய விரல், ஒரே கதையை நரியாகவும் காக்காயாகவும் குரல் மாற்றிச் சொன்ன பகல்கள், எல்லாவற்றையும் இவள் முட்டை ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாளே என்று இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அவளிடம் நான் ஒருநாளும், உன் பெண் இன்று இதைக் கற்றாள் என்று சொன்னதில்லை. சாயங்காலம் வாசலில் நின்று, "சாப்ட்டா, தூங்கினா, வெளிக்கிப் போனா" என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் கேட்டதும் அதைத்தான்.

"ஓடுங்க, ஜல்தி போயி புள்ளைங்கள கூட்டினு வாங்க" என்று கத்தினேன். பெரிய மேடம் முன்னால் கத்தக் கூடாதுதான்.

ஓடினார்கள். மேடம் காத்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அரை மணி நேரம் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வந்த கோலத்தை என்னவென்று சொல்வது. ஒன்றின் தலையில் எண்ணெய் வழிந்தது. ஒன்று கையில் வடையோடு வந்தது. ஒன்று அப்பா தோளில் தூங்கியபடியே வந்து, இறக்கிவிட்டதும் அலறியது. இரண்டு பேர் அப்பாவோடு அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்களாம், இன்னும் சிலரை அப்பாக்கள் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். கடைசியில் பதினோரு பிள்ளைகள் தேறினார்கள்.

மேடம் தழும்புக்காரியை அருகில் கூப்பிட்டு, சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கலர்?"

"அரக்கு" என்றாள், சத்தமாக, சந்தேகமே இல்லாமல்.

மேடம் என்னைப் பார்த்தார். "சிவப்புன்னு சொல்லிக் குடுக்கலையா?"

நெசவு வீட்டுப் பிள்ளை, நூலைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் அப்படிச் சொல்கிறாள் என்று விளக்கினேன். மேடம் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "சிவப்பு. சொல்லு, சி-வ-ப்-பு" என்றார். அவள் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மேடம் எதையோ எழுதிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க நல்லா பண்றீங்கம்மா. எனக்குத் தெரியுது. ஆனா நான் எண்ணிக்கையத்தான் எழுத முடியும். தெரியுதுங்கறத எழுத அதுல எடம் இல்ல." அவருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு மையங்கள் பாக்கி இருந்தனவாம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இந்த மனுஷியைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தேன், முடியவில்லை.

மையத்தைச் சேர்த்துவிடச் சொல்லி உத்தரவு போனில்தான் வந்தது. அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதினேன். கொடுத்த இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் அண்டா, எடை பார்க்கிற மிஷின், பாய், பொம்மை எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

புது இடத்தைப் பற்றிக் குறை சொன்னால் பொய்யாகிவிடும். சொந்தக் கட்டடம். சுவரெல்லாம் யானை, கிளி, ரயில் வண்டி. பிள்ளைகள் உட்காரச் சின்னச் சின்ன நாற்காலிகள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சமையலுக்கு ஒரு உதவியாளர்கூட இருக்கிறார். என்னை இப்போது யாரும் ஆயா என்று கூப்பிடுவதில்லை. பதினெட்டு வருடமாக நான் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள்தான் இல்லை. நான்கு பேர் மட்டும், சைக்கிளோ வண்டியோ இருக்கிற வீட்டிலிருந்து வந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மதியம் தழும்புக்காரியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கும்போதே தறிச் சத்தம். உள்ளே கட்டில் காலில் துணி. துணியின் மறுமுனையில் அவள். துணியை முன்பைவிட நீளமாக விட்டிருந்தார்கள், வளர்ந்துவிட்டாள் அல்லவா. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். துணி இழுத்து நிறுத்தியது.

அவள் அம்மா தறியில் இருந்தபடியே, "இன்னா டீச்சர் பண்றது? போவ வர ஒரு மணி நேரம், அதுவும் ரெண்டு வாட்டி. அந்த ரோட்ட நெனச்சாலே பயமா கீது" என்றாள்.

நான் அதற்குப் பதில் சொல்லாமல், சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "அன்னைக்கு நீ வாய மூடிகினு இருந்திருக்கலாம்."

அவள் கை நின்றது. "நான் இன்னா தப்பா சொன்னேன் டீச்சர்? உள்ளதத்தானே சொன்னேன்."

உள்ளதைத்தான் சொன்னாள். தப்பாகச் சொன்னது நான், மூன்று நாள் வீடு வீடாகப் போய். அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது ரோட்டைக் கடக்க எனக்கே ஐந்து நிமிடம் பிடித்தது.

அடுத்த அமாவாசை வந்தது. புது மையத்தில் அது சாதாரண நாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறி கிடையாது. பத்து மணி இருக்கும். சுவரில் இருந்த யானையைக் காட்டிப் பாடிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. தழும்புக்காரியும் அவள் அம்மாவும். இரண்டு பேர் தலையும் இன்னும் காயவில்லை. பிள்ளையின் செருப்பில் ரோட்டோரத்துப் புழுதி.

"இன்னைக்கித் தறி இல்ல டீச்சர். அதான் கூட்டினு வந்தேன்" என்றாள் அம்மா. "கவர்மெண்டுக்குத்தான் அமாவாச கெடயாதே, நீங்க தொறந்து வச்சினு இருப்பீங்கன்னு தெரியும். சாயங்காலம் நானே வந்து இட்டுனு போறேன்." போகிறவள் வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். "அவளுக்கு எதுனா சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றாள்.

பதினெட்டு வருடத்தில் எங்கள் தெருவில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மாதம் முழுக்க வந்து அமாவாசையன்று மட்டும் வராமல் இருந்த பிள்ளை, இனி அமாவாசைக்கு மட்டும் வரும் பிள்ளை. போனில் அவள் பெயரைத் திறந்தேன். வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று நீண்டு கிடந்த வரிசையின் கடைசியில் ஒரு வருகையைப் பதிந்தேன்.

சின்ன நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வண்ண அட்டைக் கட்டை எடுத்து முதல் அட்டையைக் காட்டினேன். புது மையத்தின் அட்டை, பளபளவென்று இருந்தது.

"செவப்பு" என்றாள். அரக்கு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தையே பார்த்தாள்.

சரி என்று தலையாட்டினேன். அவள் அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், நாளைக்கும் வரட்டா?"

"நாளைக்கு உங்க வூட்ல தறி ஓடும் கண்ணு" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினாள்.